மணந்து பாரும்

பில்ஸ்னர் பியரை அளவுக்கு மிஞ்சிக் குளிர வைத்துக் குடிக்கக் கூடாது. கண்டியில் எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறார்கள். போத்தலின் வெளிப்பக்கத்தில் ஐஸ் படிந்திருந்தால்தான் நல்ல பியர் என்று நினைப்பு. அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், மணம் மேலே எழும்பாது. ஏழு பாகை போதும். கையில் பிடித்தால் குளிர வேண்டும், கை நோகக் கூடாது.

இப்ஹாம் அவர்களே, இதை விசாரணையின் முதல் நாளிலும் உங்களுக்குச் சொன்னேன். கம்பனி உங்களை நியமித்து அனுப்பியிருந்தது. நீங்கள் விசாரணைக் கோவையைத் திறப்பதற்கு முன்னால், "நான் மடவளை முஸ்லிம், மிஸ்டர் ஸ்ரனிஸ்லாஸ். இந்தச் சாமானப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா. நீங்கதான் வெளங்கப்படுத்தோணும்" என்றீர்கள். நான் நாற்பது நிமிடம் விளங்கப்படுத்தினேன். நீங்கள் பொறுமையாகக் குறித்துக்கொண்டீர்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் என் பெயரைப் போட்டு நன்றியும் சொல்லியிருந்தீர்கள். அன்று நான் சொன்னது எல்லாமே சரி. சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜேர்மன்காரர்களின் பழைய முறைப்படி செய்த பில்ஸ்னரில் ஒரு பிழை ஒளிந்துகொள்ள இடமே இல்லை. தண்ணீர், முளைவிட்ட பார்லி, ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட். நாலே நாலு சாமான். கறுப்பு பியரில் ஏதாவது கெட்டுப்போனால் அதன் கருகல் மணம் மூடி மறைத்துவிடும். பில்ஸ்னர் நீரைப்போலத் தெளிந்தது, மறைக்காது. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் பிடித்துப் பார்ப்போம். வைக்கோல் நிறம் இருக்க வேண்டும். நுரை அடர்த்தியாக, கிளாஸின் உட்பக்கத்தில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பிறகு உள்ளங்கையால் கிளாஸின் வாயை மூடி ஒரு சுழற்றுச் சுழற்றி, கையை எடுத்த கணத்திலேயே மணக்க வேண்டும். தீர்ப்பில் முக்கால்வாசி அந்த ஒரு மூச்சில் முடிந்துவிடும். வெண்ணெய் மணம் வந்தால் ஈஸ்ட்டின் வேலை அரைகுறை. அவித்த சோளத்தின் மணம் வந்தால் கொதி போதாது. ஈரக் கடதாசி மணம் வந்தால் காற்றுப் பட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் வாய். வைனைப்போலத் துப்ப முடியாது, விழுங்க வேண்டும். கசப்பு தொண்டையின் பின்பக்கத்தில்தான் தன் முகத்தைக் காட்டும்.

பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறும் வீதியில் இருக்கும் எங்கள் சிறிய பியர்த் தொழிற்சாலையில் நான் இருபத்தாறு வருடம் இந்த வேலையைச் செய்தேன். 1998இல் கம்பனி என்னை ஆறு மாதம் ஜேர்மனிக்கு அனுப்பியது. எனக்கு ஒரு மூக்கு இருக்கிறதென்று அங்கேதான் தெரிய வந்தது. திரும்பி வந்த நாளிலிருந்து சுவை பார்ப்பவர்களுக்கு நான் தலைவன். நான் வேண்டாம் என்றால் ஒரு தொட்டி பியர் அப்படியே வாய்க்காலில் போகும். ஏன் என்று மனேஜர்கூடக் கேட்டதில்லை.

2021 ஆவணியில் எனக்குக் கொரோனா வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் என் மனைவி, அனற், கோப்பி கொண்டுவந்து தந்தாள். கறுப்பாக, சுடுதண்ணீராக இருந்தது. கோப்பித்தூளை உள்ளங்கையில் கொட்டி மணந்தேன். மண்ணாவது மணக்குமே, அதுகூட இல்லை.

வரும் வரும் என்றார் டொக்டர். ஆறு மாதம் பார்த்தேன், வரவில்லை. நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. அனற்றுக்கும் இல்லை. ஒருநாள் பழுதாகிப்போன மீன் கறியைச் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்குக் கறி நல்லாயிருக்கு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

வேலை போய்விடும் என்று பயந்து மறைத்ததாகச் சொன்னால் நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள். 2022இல் நாட்டில் எல்லா இடத்திலும் ஆட்குறைப்பு நடந்ததுதான். ஆனால் என்னை அனுப்பியிருக்க மாட்டார்கள். வேறொரு மேசை, வேறொரு கதிரை தந்திருப்பார்கள். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு இன்னொருவர் தீர்ப்புச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் என்னால் முடியாமல் இருந்தது. எழுதும்போது இது எவ்வளவு சின்ன விஷயமாகத் தெரிகிறது பாருங்கள்.

நாக்கு இருந்தது. கசப்பு, புளிப்பு, இனிப்பு தெரியும். மணம் பார்க்கும் நேரத்தில் மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு, கண்ணை மூடி, மூன்று வரை எண்ணிவிட்டுத் தலையை ஆட்டுவேன். சுவை பார்க்கும் மற்ற இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்து எழுதினேன். சில மாதங்கள் இப்படிப் போயின. பிழையான பியர் ஒன்றிரண்டு கடைக்குப் போயிருக்கும்.

ஷாமலா அந்த நேரத்தில்தான் எனக்குக் கிடைத்தாள்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். வயது முப்பத்தாறு. கணவர் பிறையன் கலஹாச் சந்தியில் திரீவீல் ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். எங்கள் ஆய்வுகூடத்தில் கிளாஸ் கழுவுவதும் துடைத்து அடுக்குவதும் அவள் வேலை. ஒரு காலை நான் பதிவுப் புத்தகத்தில் 'நன்று' என்று எழுதி முடித்திருந்தேன். அவள் மிச்ச பியரைத் தொட்டிக்குள் ஊற்றப் போனவள் நின்றாள்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. இதுல சோளம் அவிச்ச வாசம் வருதுங்க."

 என் வாய் தானாகவே பேசியது.

"ஓம், எனக்கும் பட்டது. உமக்குப் படுதோ எண்டு பார்க்கத்தான் பேசாமல் இருந்தனான்."

சோதனையில் பாஸான பிள்ளையைப்போல அவள் சிரித்தாள். நான் 'நன்று' என்பதை வெட்டிவிட்டு எழுதினேன். தொட்டியைப் பரிசோதித்தார்கள். அவள் சொன்னது சரி.

அடுத்த நாளிலிருந்து மற்றவர்கள் வருவதற்கு முன், எட்டு மணிக்கு, அவளுக்குப் 'பயிற்சி' கொடுத்தேன். கிளாஸை நீட்டி, "மணந்து பாரும்" என்பேன். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்குவாள். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பாள். அவளுக்குத் தொழில் சொற்கள் தெரியாது. "மழை பேஞ்ச பொறவு கொழுந்துக் கூடையில வருமே, அந்த வாசம் சேர்" என்பாள். அது நல்ல ஹொப்ஸ். "கோயில்ல பாட்டுப் பொஸ்தகம் வச்ச அலுமாரியத் தொறந்த மாதிரி இருக்கு" என்பாள். நான் புத்தகத்தில் 'காற்றுப் பட்ட பழுது, இலேசாக' என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். கிட்டத்தட்ட இரண்டு வருடப் பதிவுகள் அப்படித்தான் எழுதப்பட்டன. நீங்கள் விசாரணையில் புரட்டிப் பார்த்து, "என்ன துல்லியம்" என்று வியந்தீர்களே, அந்தப் புத்தகம்தான்.

அவள் வீட்டில் அவள் கிளாஸ் கழுவுவது மட்டும்தான் தெரியும். ஒரு மிடறு விழுங்குவது தெரிந்தால் மாமியார் வீட்டில் வைத்திருக்க மாட்டார் என்று ஒருநாள் சொன்னாள். வேலை முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் இரண்டு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வாள். தவக்காலம் வந்தால் வாயில் வைக்கவே மாட்டாள். நாற்பது நாளும் மூக்கால் மட்டும் பார்த்துச் சொல்வாள். அப்போதும் பிழைத்ததில்லை.

நான் அவளை நன்றாகத்தான் நடத்தினேன். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிள்ளைகளுக்கு நத்தாருக்குக் கேக் அனுப்பியிருக்கிறேன். உங்கள் முன்னால் சாட்சி சொன்னபோதும் அவள் அதைத்தான் சொன்னாள், "சேர் எனக்குத் தகப்பன் மாதிரி" என்று. நீங்கள் அதையும் எழுதிக்கொண்டீர்கள்.

போன வருடம் கார்த்திகையில் உல்ரிக்கே வந்தார். வட ஜேர்மனியில் உள்ள ஒரு பழைய பியர்க் கம்பனி தங்களுடைய பில்ஸ்னரை எங்கள் தொழிற்சாலையில் வடிக்க விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. இங்கே நம்பக்கூடிய மூக்கு ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவரத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க, அதிகம் பேசாத பெண். தொழிலாளர்கள் 'ஜேர்மன் நோனா' என்றார்கள்.

மேசையில் கடதாசி மட்டையால் தடுப்புகள் கட்டினார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆளுக்குப் பன்னிரண்டு கிளாஸ். சிலது நல்ல பில்ஸ்னர், சிலதில் ஒவ்வொரு பழுது கலந்திருந்தது. எது எதுவென்று எழுத வேண்டும். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்த ஷாமலாவை உல்ரிக்கே பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் ஒவ்வொரு கிளாஸையும் வைக்கும்போது மூக்கு ஒரு கணம் விரிந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். நாலாவது இடத்தில் அவளையும் உட்காரச் சொன்னார்.

"அவள் சுத்தம் செய்பவள்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சுத்தம் செய்பவருக்கும் மூக்கு இருக்கும்தானே" என்று சிரித்தார்.

பின்னேரம் நாலு மணிக்கு என்னைத் தனியாக அழைத்தார். நாலு தாள்களையும் மேசையில் வைத்தார். எனக்குப் பன்னிரண்டில் நான்கு. எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று எழுதியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்கும். மற்ற இருவருக்கும் ஏழு, எட்டு. ஷாமலாவின் தாளில், தமிழில், கோணல்மாணலாக, கொழுந்துக்கூடையும் பாட்டுப் புத்தகமும் எழுதியிருந்தன. மொழிபெயர்க்க மனேஜரின் காரியதரிசியைக் கூப்பிட்டிருக்கிறார். பன்னிரண்டும் சரி.

"இருபது வருடத்தில் இப்படியொரு மூக்கை இரண்டு முறைதான் கண்டிருக்கிறேன். இவரை யார் பழக்கியது?"

"நான்" என்றேன்.

அவர் எழும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என்னுடைய நாலைப் பற்றி, "ஜலதோஷமா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. பிறகு செய்தியைச் சொன்னார். சித்திரையில் ஷாமலா ஆறு மாதப் பயிற்சிக்கு ஜேர்மனி போக வேண்டும். திரும்பி வந்து சுவை பார்ப்பவர்களுக்கு அவள் தலைவியாக இருப்பாள். நான் ஓய்வுபெறும்வரை அவளுக்குப் பக்கத்தில் இருக்கலாம். மனேஜர் சம்மதித்துவிட்டார், நாளை பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் அறிவிப்பார்.

"ஆனால் அவரிடம் இதை நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்" என்றார். "ஆசிரியரின் வாயால் கேட்பதுதான் அழகு."

நான் படி இறங்கி வந்தபோது ஷாமலா தொழிற்சாலைக் கேட்டடியில் நின்றாள். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"சேர், நான் ஏதாச்சும் பிழையா எழுதிட்டேனா? அந்த நோனா என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பயமாப் போச்சு."

"ஒண்டுமில்லை" என்றேன். "பரவாயில்லாமல் செய்தனீர். வீட்டை போம்."

"அப்பாடா" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த கலஹா பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

இப்ஹாம் அவர்களே, பன்னிரண்டும் சரி என்பது ஷாமலாவுக்கு இன்றுவரை தெரியாது. விபத்துக்குப் பிறகு அதைச் சொல்வது கொடுமை என்று உல்ரிக்கேயும் மனேஜரும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். உங்கள் அறிக்கையிலும் அது இல்லை. நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பஸ் போனதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. குடையை மறந்துவிட்டேன் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு ஆய்வுகூடத்துக்குத் திரும்பினேன். நேரம் ஐந்து இருக்கும், யன்னலில் இன்னும் வெயில் இருந்தது. பூட்டிய அலுமாரியில் அமோனியாத் திரவம் இருக்கும். சாவி என்னிடம்தான். போத்தலை எடுத்து, லேபலைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு உரித்தேன். நன்றாக ஒட்டிய லேபல், பத்து நிமிடம் எடுத்தது. உரித்ததைப் பையில் போட்டுக்கொண்டு, போத்தலைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரவு நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

காலை எட்டு மணிக்கு அவள் வந்தாள்.

"ஷாமலா, இஞ்ச வாரும். லேபல் இல்லாமல் ஒரு போத்தல் வந்திருக்கு. புது ஹொப்ஸ் சாறு எண்டு நினைக்கிறன். மணந்து பாரும்."

அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். லேபல் இல்லாத போத்தலை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது, தூரப் பிடித்துக் கையால் விசிறித்தான் மணக்க வேண்டும். ஆய்வுகூடத்து முறை அது, அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். வேறு யார் கொடுத்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள். கொடுத்தது நான். மூடியைத் திறந்து, போத்தலைக் கிட்டப் பிடித்து, வழக்கம்போலக் கண்ணை மூடி, மூச்சை முழுதாக இழுத்தாள்.

கத்தவில்லை. கத்த மூச்சு இருக்கவில்லை. போத்தல் கீழே விழுந்தது. "சேர்" என்று உதடு அசைந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் முறைப்படி. யன்னல்களைத் திறந்தேன், அவளை வெளியே இழுத்துவந்தேன், முகத்தைக் கழுவினேன், வாகனத்தைக் கூப்பிட்டேன், ஆஸ்பத்திரிவரை கூடவே போனேன். வழி முழுக்க அவள் என் கையை விடவில்லை. என் துரித நடவடிக்கையை உங்கள் அறிக்கை பாராட்டுகிறது.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நெஞ்சு ஆறியது. குரல் கொஞ்சம் கரகரத்துப்போயிற்று. மூக்கு வரவில்லை.

விசாரணையில், லேபல் இல்லாத போத்தலைக் களஞ்சியத்திலிருந்து யார் அனுப்பியது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் முஹைதீன் உங்கள் முன்னால் அழுதார். "நான் குடுக்கக்கொள்ள லேபல் இருந்திச்சி சேர். அல்லாஹ் மேல சத்தியமாச் சொல்றேன்" என்றார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டீர்கள். களஞ்சியத்தில் ஈரம் அதிகம், லேபல்கள் கழன்று விழுவது உண்டு என்றேன். அது பொய்யில்லை. முஹைதீன் பதினேழு வருடம் வேலை செய்தவர். வேலை போய், இப்போது கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் யாரோ ஒருவரின் மரக்கறிக் கடையில் மூட்டை இறக்குகிறார். ஒரு முறை தூரத்தில் கண்டேன். அவர் என்னைக் கண்டு சலாம் சொன்னார். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உல்ரிக்கே அந்த வாரமே போய்விட்டார். பில்ஸ்னர் ஒப்பந்தம் நின்றது. நான் இந்த வருட நடுவில் ஓய்வுபெற்றேன். மாலை போட்டார்கள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை ஷாமலா கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டைத் தேடி வந்தாள். மெலிந்திருந்தாள். தேத்தண்ணி கொடுத்துவிட்டு அனற் உள்ளே போனாள். ஷாமலா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"சேர், நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"எதை?"

"வாசம் இல்லாம." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அனற்றுக்குக் கேட்கக் கூடாதென்று. "எனக்கு ரொம்ப நாளாத் தெரியும் சேர். ஒருநாள் லாப்ல கேஸ் லீக் ஆகி அப்படி நாறுச்சு. நீங்க நெருப்புக்குச்சி எடுத்தீங்க. நான்தான் ஓடி வந்து, தண்ணி வேணும்னு சொல்லி உங்க கையப் புடிச்சேன். அன்னிக்கே புரிஞ்சிருச்சு."

நான் எழும்பி உள்கதவைச் சாத்தினேன்.

"யாருக்கும் சொல்லல சேர். எங்க வீட்டுக்காரருக்குக்கூட. பெரிய மனுசன், வெளிய தெரிஞ்சா எவ்வளவு வெக்கப்படுவாருன்னு நெனச்சேன். அதான் நானே காலையில எல்லாத்தயும் சொல்லிப்புடுவேன், நீங்க எழுதிக்கிறதுக்கு." கோப்பையைக் கீழே வைத்தாள். "இப்ப எனக்கும் அப்படியே ஆயிருச்சு. புள்ளைக்குக் காய்ச்சின பால் கெட்டுப்போனது தெரியாமக் குடுத்துட்டேன், ரெண்டு நாள் வாந்தி. சோறு மண்ணு மாதிரி இருக்கு. புள்ள தலைய மோந்து பாத்தா ஒண்ணுமே இல்ல சேர். யார்கிட்ட சொன்னாலும் கண்ணு போகலதானேங்கிறாங்க. உங்களுக்கு மட்டும்தான் புரியும். கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

நான் சொல்லிக் கொடுத்தேன். பாலில் திகதி எழுதி ஒட்டச் சொன்னேன். மீனின் கண்ணையும் செவுளையும் பார்த்து வாங்கச் சொன்னேன். சாப்பாட்டில் எலுமிச்சையும் மிளகும் சேர்த்தால் வாய்க்கு ஏதோ தெரியும் என்றேன். பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கும் சாமான் இருந்தால் சோறு இறங்கும் என்றேன். எனக்கே இவ்வளவு தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது. போகும்போது, "மனசு லேசாயிருச்சு சேர்" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறாள். கூச்சத்தோடு எழுதுகிறேன்: மூன்று வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை அவளிடம்தான் பேசினேன். காலையில் எழும்பும்போது உலகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போலிருக்கும் என்பேன். "ஆமா சேர், அப்படியேதான்" என்பாள். செவ்வாய்க்கிழமையே நான் சனிக்கிழமைக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுவேன்.

போன சனிக்கிழமை அவள் ஒரு சேதி சொன்னாள். முஹைதீனின் மனைவி றம்லத் கலஹாவுக்கு வந்திருந்தாராம். ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு வாசலில் நின்று, "என்ட மனிசன்ட கையால உங்களுக்கு இப்படி ஆயிட்டு. மன்னிச்சிக்கோங்க தங்கச்சி. அவரு தூங்கிறதே இல்ல" என்று அழுதாராம். முஹைதீன் தன்மேல் பிழை இல்லை என்று சொல்லிச் சொல்லி, யாரும் நம்பாமல், இப்போது தானே நம்பத் தொடங்கிவிட்டாராம், தான்தான் ஏதோ மறந்து செய்துவிட்டதாக. ஷாமலா றம்லத்தின் கையைப் பிடித்து, மன்னித்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"நல்லாச் செய்தனீர்" என்று நான் சொன்னேன். அந்தச் சொல்லோடு ஐந்து நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஆகவே எழுதுகிறேன். லேபலை உரித்தது நான். முஹைதீன் அனுப்பிய போத்தலில் ஒரு குறையும் இருக்கவில்லை. உரித்த லேபல் என்னிடம் இருக்கிறது, இத்தோடு வைத்திருக்கிறேன்.

ஒரு காலைப்பொழுதுக்கு அவளுடைய மூக்கு மரத்துப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். பத்து மணி அறிவிப்புத் தள்ளிப்போகும், அதற்குள் ஏதாவது நடக்கும் என்று. இந்தக் கடிதத்தின் முதல் வரைவிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அலுமாரியில் இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்று நீர் கலந்தது, அது கண்ணைக் கரிக்கும், அரை மணியில் சரியாகிவிடும். மற்றது கலக்காதது. அன்று பின்னேரம் இரண்டையும் என் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். மணம் தெரியாவிட்டாலும் எரிவு தெரியும். இரண்டாவதை ஒரு சாண் தூரத்தில் பிடித்தபோதே கண்ணீர் கொட்டி, நெஞ்சு அடைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சாணிலேயே அப்படி என்றால் முழு மூச்சில் என்ன செய்யும் என்று எனக்கு விளங்கியது. அதன் லேபலைத்தான் உரித்தேன்.

அவளுடைய இடம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நாலு எடுத்தவனுக்கு அது கிடைக்காது. எனக்குத் தெரியாத ஒன்று அந்தக் கட்டடத்தில் வேறு ஒருவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அதற்காகத்தான் செய்தேன்.

முஹைதீனுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். அவருடைய வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மனேஜருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பொலிஸுக்கு நான் எங்கே வர வேண்டுமோ அங்கே வருகிறேன், சட்டத்தரணி வேண்டாம். உல்ரிக்கே சொன்ன பன்னிரண்டையும் ஷாமலாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அவளுக்கு மட்டும் திங்கட்கிழமை சொல்லுங்கள். சனிக்கிழமை வருவாள். சோறு அடிப்பிடிப்பதைச் சத்தத்தில் கண்டுபிடிப்பது எப்படி என்று நான் அவளுக்கு இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.